கூப்பிடாத கால்கள்

கை ஓடவில்லை, கால் ஓடவில்லை என்று சொல்வார்களே, கலந்தருக்கு அன்று காலை அது சொல்லுக்குச் சொல் சரியாக இருந்தது. கைகள் இரண்டும் வீட்டின் நடுத்தூணைக் கட்டிப்பிடித்திருந்தன. கால்கள் இரண்டும் அதே தூணைச் சுற்றி மடங்கிக் கிடந்தன. வீடு புது இடத்தில் போய் இறங்குகிற வரை விடக் கூடாது. அது தொப்புள் தூணாம். ஊர்த்தலைவர் டாயெங் சாமே முந்தாநாள் வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார். டாயெங் என்பது லாமெங்கே தீவில் பெரியவர்களைக் கூப்பிடுகிற சொல், நம் அண்ணன் மாதிரி. தொப்புள் இருந்தால் உயிரும் இருக்கும், உயிர் இருப்பதை ஆளில்லாமல் தூக்கினால் அது மிரளும், ஆகவே வீட்டுக்காரன் உள்ளே உட்கார்ந்து அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும், ஜன்னல்களைச் சாத்திக்கொள்ள வேண்டும், வெளியே எட்டிப் பார்க்கவே கூடாது. "ஏன் பாக்கக் கூடாது?" என்று கலந்தர் கேட்டதற்கு, "பாத்தா எண்ணுவே. வந்தவங்கள எண்ணிட்டா அப்புறம் வராதவங்களையும் எண்ணணும் தம்பி" என்றார். அவர் சொன்னது தீவுக்காரர்களின் புகிஸ் மொழியில். ஆனால் ஆறு வருஷமாக யார் எந்தப் பேச்சில் சொன்னாலும் கலந்தரின் தலைக்குள் நுழைகிற இடத்தில் அது தொண்டித் தமிழாகிவிடுகிறது. அவனுக்கே அது எப்படி என்று தெரியாது. நாற்பத்து மூன்று வயதில், மூன்று கப்பல்களின் எஞ்சின் அறையில் வெந்தவன், எந்த டீசல் எஞ்சினாக இருந்தாலும் காதை வைத்துக் கேட்டே கோளாறைச் சொல்கிறவன், ஒரு மரத்தூணின் கழுத்தைக் குழந்தை மாதிரி கட்டிக்கொண்டு இருட்டில் உட்கார்ந்திருந்தான். தகரக் கூரை வெயிலில் டிக் டிக் என்று விரியத் தொடங்கியிருந்தது. சுபுஹு தொழுது, மௌலூது ஓதி, வெகு நேரமாகிவிட்டது. வெளியே ஒரு சத்தமும் இல்லை. நாற்பது பேராவது வேண்டும் என்றார் சாமே. நாற்பது பேர் வரவில்லை என்றால் வீட்டைப் பிரித்துப் பலகை பலகையாக அடுக்க வேண்டியதுதான். பிரித்த வீட்டை இந்தத் தீவில் யாரும் திரும்பப் பூட்டிப் பார்த்ததில்லை, பிரிக்கிறவன் ஊரைவிட்டுப் போகிறவன். பதினைந்து நாளைக்கு ஒரு கப்பல். அடுத்தது புதன்கிழமை.

வீடு வாங்கினோம் என்றுதான் நினைத்தான், அங்கேதான் பிசகு. தொண்டியில் வீடு என்றால் வீடு. அதற்குக் கீழே மண் இருக்கும், மண்ணுக்கு நாலு எல்லை இருக்கும், எல்லைக்கு ஒரு சண்டை இருக்கும். ஊருக்குப் போன் போட்டு அம்மாவிடம், "வீடு வாங்கிட்டேம்மா, கடலப் பாத்த வீடு" என்று சொன்னபோது அம்மா முதலில் கேட்டதே, "செவரு பொதுச் செவரா, தனிச் செவரா?" என்றுதான். இங்கே வீடு என்றால் மரம். தூண், பலகை, ஏணி, கூரை, அவ்வளவுதான். ஊரைவிட்டுப் போன பள்ளிக்கூட வாத்தியார் எழுதிக் கொடுத்த காகிதத்தில் 'வீடு' என்ற ஒரே சொல் இருந்தது, அது உண்மையிலேயே வீட்டை மட்டும்தான் சொன்னது. மண் இந்தோ தாங்கா என்கிற அம்மாளுடையது. பக்கத்துத் தென்னை டாயெங் மட்டோலாவுடையது, ஏனென்றால் அதை நட்டது மட்டோலாவின் அப்பா. நட்டவனுக்கு மரம், மண் யாருடையதாக இருந்தால் என்ன. ஆக ஒரு மனைக்கு மூன்று சொந்தக்காரர்கள். தொண்டியாக இருந்தால் மூன்று வக்கீல்கள், முப்பது வாய்தா. இங்கே மட்டோலா மாதம் ஒருமுறை வருவார், ஏறுவார், காய் பறிப்பார், இரண்டு காயை ஏணிப்படியில் வைத்துவிட்டுப் போவார். ஒரு பேச்சு கிடையாது. இந்தோ தாங்கா போன மாதம் வெற்றிலையை மென்றுகொண்டே வந்து, "மக மலேசியாலேர்ந்து வர்றா, அவ வீட்ட இங்க வைக்கணும். ஒன் வீட்டக் கொஞ்சம் தள்ளி வச்சுக்க" என்றாள், அடுப்பிலிருக்கிற சட்டியைத் தள்ளி வைக்கச் சொல்கிற மாதிரி. கலந்தர் முகத்தில் ஈயாடவில்லை. வெளியேற்றுகிறார்கள் என்று நினைத்தான். சுமியாத்தியும் அப்படித்தான் நினைத்தாள். அவள் ஜாவாக்காரி, அவளுடைய ஊரிலும் வீடு தரையோடு ஒட்டித்தான் இருக்கும். "மாஸ், நம்ம என்ன தப்பு செஞ்சோம்?" என்று கேட்டாள். மாஸ் என்றால் அவளுடைய ஊரில் புருஷனைக் கூப்பிடுவது. இருவரும் காகிதத்தை எடுத்துக்கொண்டு சாமேயிடம் ஓடினார்கள். அவர் காகிதத்தைப் பார்க்கவே இல்லை. "பள்ளிவாசலுக்குப் பின்னாடி மேட்டுல எடம் கெடக்குதே, அங்க கொண்டு வச்சிடலாம்" என்றார். எவ்வளவு, யாருக்கு, எத்தனை வருஷத்துக்கு என்று கலந்தர் கேட்க வாயைத் திறந்தான். சாமே அவனை அதிசயமாகப் பார்த்தார். "ஒன் வீடு நிக்கிற வரைக்கும் ஒன் எடம். வீடு நகந்தா அடுத்தவன் எடம். மண்ணு எங்க போகுது?" என்றார். அந்தச் சொல் இன்னும் கலந்தரின் நெஞ்சுக்குள் உட்கார்ந்திருக்கிறது. மண்ணு எங்க போகுது. அத்தாவும் அவருடைய தம்பி சின்னத்தாவும் ஒன்றரை அடிச் சுவருக்காகப் பத்தொன்பது வருஷம் கோர்ட்டுக்கு நடந்தார்கள், ஒரே பஸ்ஸில் போய் ஒரே பஸ்ஸில் வந்தார்கள், ஒருவர் முன் சீட், ஒருவர் பின் சீட். சுவர் நகரவில்லை. அவர்களும் நகரவில்லை. இங்கே வீடே எழுந்து நடக்கப் போகிறது. நடக்குமா? ஆள் வந்தால் நடக்கும்.

கீழே மணலில் ஏதோ அரவம். தரை முழுக்கப் பலகைகளுக்கு இடையில் விரல் நுழைகிற இடுக்கு. காற்று வருவதற்காக அப்படி விடுவார்கள். ஜன்னல் வழியாகத்தானே பார்க்கக் கூடாது என்றார், தரை வழியாகப் பார்க்கக் கூடாது என்று சொல்லவில்லையே என்று கலந்தர் தன்னோடு தானே வழக்குப் பேசி, உடனே தீர்ப்பும் சொல்லிக்கொண்டு, தூணை விடாமல் தலையை மட்டும் குனிந்து ஒற்றைக் கண்ணை இடுக்கில் வைத்தான். கால்கள். வெறும் கால்கள். மூங்கில் கட்டுகிற கால்கள். நாலு, ஆறு, பத்து. ஆளுக்கு இரண்டு கால் என்கிற கணக்கு சின்ன வயதிலிருந்தே தெரிந்ததுதான், ஆனால் இடுக்கு வழியாகப் பார்க்கும்போது அது நிற்கவில்லை. வலது கால் ஓர் இடுக்கில் தெரிந்தால் இடது கால் இன்னோர் இடுக்கில் இன்னொருவனுடையதாகி விடுகிறது. முப்பத்து நாலு. பதினேழு பேர். அலைகிறவர்களை இரண்டு தரம் எண்ணியிருந்தால் ஒன்பது பேர். யாரெல்லாம்? அவன் கூப்பிட்டவர்களா, கூப்பிடாதவர்களா? இது அடுத்த பிசகு, இதை நினைத்தால் காது சூடாகிறது. வீடு நகர்த்தும் நாள் குறித்ததும் கலந்தர் தொண்டிக்காரன் செய்கிற மரியாதையைச் செய்தான்: வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, சீனிப் பொட்டலங்களைக் கூடையில் அடுக்கிக்கொண்டு, வீடு வீடாகப் போய், "வெள்ளிக்கெழம எங்க வீட்டத் தூக்கறோம், அவசியம் வரணும்" என்று நின்று கூப்பிட்டான். பதினோரு வீடு. பதினோரு வீட்டிலும் சீனியை வாங்கிக்கொண்டு ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். பன்னிரண்டாவது வீட்டுக்குப் போகிற வழியில் பள்ளியில் பாங்கு சொல்கிற உசேன் பிடித்துக்கொண்டான். "எதுக்கு வீடு வீடா போறீங்க?" "கூப்புடத்தான்." உசேன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "பள்ளி மைக்குல சொன்னா போதும். நேர்ல போயி கூப்புடறது வெளியூர்க்காரங்களத்தான். உள்ளூர்க்காரங்கள யாரு கூப்புடுவா? அவங்க என்ன விருந்தாளியா?" என்றான். அப்போதுதான் கலந்தருக்குத் தன் மூக்கு உடைந்த சத்தம் கேட்டது. பதினோரு வீட்டுக்காரர்களையும் சட்டை போட்டுக்கொண்டு போய், சீனியும் கொடுத்து, நீங்கள் எனக்கு வெளியூர் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறான். மீதி வீடுகள்? கூப்பிட்ட செய்தி போயிருக்கும், கூப்பிடாத செய்தியும் போயிருக்கும். அந்தப் பன்னிரண்டாவது வீடு மட்டோலாவுடையது. அதன் ஏணிக்குக் கீழே நின்று சீனிப் பொட்டலத்தைப் பார்த்தான், ஏணியைப் பார்த்தான், திரும்பி வந்துவிட்டான். உசேன் சிரித்த சிரிப்பில் இன்னொரு கதவும் திறந்துகொண்டது. அதற்குள்ளே நாலு வருஷத்துக்கு முந்தைய ஒரு காலை நின்றுகொண்டிருந்தது. அன்று மட்டோலாவின் வீடு நகர்ந்தது. மைக்கில் சொன்னார்கள், கலந்தர் கேட்டான். ஆனால் யாரும் வந்து கூப்பிடவில்லை. கூப்பிடாத வீட்டுக்குப் போனால் சாப்பாட்டுக்கு வந்தான் என்பார்கள் என்று சுமியாத்தியையும் உள்ளே இருக்கச் சொல்லிவிட்டு, வீட்டுக்குக் கீழே நிழலில் உட்கார்ந்து பிஸ்டனை அரத்தால் ராவிக்கொண்டிருந்தான். தெருவில் வீடு வந்தது. ஐம்பது அறுபது பேர் தோளில், கூரையும் ஜன்னலுமாக, திருவிழாத் தேர் மாதிரி ஆடிக்கொண்டு ஒரு முழு வீடு வந்தது. அவன் வாழ்நாளில் அப்படி ஒன்றைக் கண்டதில்லை. மரியாதையாக எழுந்தான். கையைத் துடைத்தான். சலாம் சொன்னான். நின்று பார்த்தான். வீட்டை எழுந்து நின்று மரியாதை செய்து அனுப்பிவைத்த ஒரே ஆள் இந்தத் தீவில் அவனாகத்தான் இருக்கும், தோள் கொடுக்காத ஒரே ஆளும் அவன்தான். மூடிய ஜன்னலுக்குப் பின்னால், இதே மாதிரி ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு, மட்டோலா இருந்திருப்பார். அவரும் ஒற்றைக் கண்ணை இடுக்கில் வைத்திருந்தாரோ? கரி படிந்த கலந்தரின் இரண்டு கால்களை, வீட்டு நிழலில் நிற்கிற கால்களை, அவர் பார்த்திருப்பாரோ?

மட்டோலாவின் காலை அவனுக்குத் தெரியும். இடது கணுக்காலில் திருக்கை வால் அடித்த தழும்பு, கயிறு முறுக்கிக் கிடக்கிற மாதிரி. மாதா மாதம் தென்னையில் ஏறும்போது அந்தக் கால்தான் கலந்தரின் கண்ணுக்கு நேரே முதலில் மேலே போகும். அந்தக் கால் இப்போது கீழே இல்லை. இடுக்கு இடுக்காகத் தேடினான். இல்லை. வராமல் இருப்பதுதானே நியாயம் என்று மனசின் ஒரு பாதி சொன்னது. மறு பாதி, தூணில் நெற்றியை வைத்து, வந்துடுங்க டாயெங், வந்துடுங்க என்று சின்னப்பிள்ளை மாதிரி கெஞ்சியது. போய்க் கூப்பிட்டிருக்கலாமோ? கூப்பிட்டிருந்தால் வெளியூர் என்று ஆகியிருக்கும். கூப்பிடாததால் என்ன ஆயிற்று? இந்தக் கூப்பிடுதல் ஒரு குடும்பத்தையே தின்றதை அவன் கண்ணால் பார்த்திருக்கிறான். அக்காவின் நிக்காஹுக்கு அத்தா காய்ச்சலில் படுத்திருந்ததால் சின்னத்தா வீட்டுக்குப் பத்திரிகையைக் கலந்தரின் ஒன்றுவிட்ட அண்ணன் கையில் கொடுத்து அனுப்பினார்கள். "அண்ணன் வந்து கூப்புடல" என்றார் சின்னத்தா. அவ்வளவுதான். நிக்காஹ் அன்று பிரியாணி வாசம் அந்த ஒன்றரை அடிச் சுவரைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. அத்தா வாசலிலேயே நின்றார், கடைசி சகனில் சாப்பிட்டவர்கள் எழுகிற வரைக்கும் நின்றார். பின்னால் சின்னம்மா சொல்லித்தான் தெரிந்தது: சுவருக்கு அந்தப் பக்கம் சின்னத்தா புதுச்சட்டை போட்டு, அத்தர் பூசி, நாற்காலியில் உட்கார்ந்திருந்தாராம், அண்ணன் ஒரு வார்த்தை சத்தம் கொடுத்தால் எழுந்து வரலாம் என்று. ஒரு வார்த்தை. ஒருவர் நின்றார், ஒருவர் உட்கார்ந்திருந்தார், சாயங்காலம் ஆகிவிட்டது. பிறகு அத்தா மௌத்தான அன்று சின்னத்தா யாரும் கூப்பிடாமல் வந்தார். மையத்துக்குக் கூப்பிட வேண்டாம், சாவுச் செய்தி காதில் விழுந்தால் போதும். சந்தூக்குப் பெட்டியின் முன்பக்கத்தைத் தன் தோளில் ஏற்றிக்கொண்டு கபரஸ்தான் வரை யாருக்கும் மாற்றிக் கொடுக்காமல் அழுதுகொண்டே நடந்தார். தோளில் போவது. உள்ளே ஓர் ஆள், வெளியே தோள்கள், மூடிய பெட்டி, இருட்டு. கலந்தருக்குத் திடீரென்று மூச்சு முட்டியது. யா அல்லா, நான் எதற்குள் உட்கார்ந்திருக்கிறேன்? தூணை இறுக்கினான். தூண் மெழுகு மாதிரி வழவழப்பாக, சூடாக இருந்தது. ஆறு வருஷமாகச் சுமியாத்தி போகிறபோதும் வருகிறபோதும் கை வைத்துத் தேய்த்த மினுமினுப்பு. இல்லை, இது அது இல்லை. நான் உயிரோடு இருக்கிறேன். இங்கே உயிரோடு இருக்கும்போதே கூப்பிடாமல் வருகிறார்கள், தோள் கொடுக்கிறார்கள். வருகிறார்களா? அதுதானே தெரியவில்லை.

அப்போது மைக்கில் சாமேயின் குரல் கரகரத்தது. "பிஸ்மில்லா! தோள் குடு!" வீட்டுக்குக் கீழே மணல் கருத்தது. கருத்தது என்றால் வெயிலே போய்விட்டது. இடுக்கில் வெளிச்சம் இல்லை, எங்கே பார்த்தாலும் கால், முழங்கால், முதுகு, மயிர், வேர்வை, கிராம்புச் சிகரெட் வாசனை. கடற்கரையிலிருந்து, படகிலிருந்து, வலையைப் போட்டது போட்டபடி வந்திருக்கிறார்கள். சில கால்களில் மீன் செதில் ஒட்டியிருந்தது. எண்ண முடியவில்லை, எண்ணுவதை எப்போது விட்டான் என்றும் தெரியவில்லை. "ஒண்ணு! ரெண்டு!" என்றார் சாமே, மூன்றைச் சொன்னாரா இல்லையா, அதற்குள் வீட்டின் எல்லா ஆப்புகளும் ஒரே சமயத்தில் முனகின, தூண் கைக்குள் ஒரு தரம் நடுங்கியது, கலந்தரின் குடல் கீழே நின்றுவிட்டது, வீடு எழுந்தது. எழுந்துவிட்டது! கடலோரத்தில் பன்னிரண்டு தூணில் நின்ற வீடு, அவனும் சுமியாத்தியும் மழைக்குச் சட்டி வைத்த வீடு, மனிதத் தோள்மேல் எழுந்து நின்றது. அவன் கப்பல் கிளம்புவதைப் பார்த்திருக்கிறான், ஆயிரம் குதிரைச் சக்தி எஞ்சினைத் தன் கையால் தட்டி எழுப்பியிருக்கிறான். அதில் டீசல் இருந்தது, எண்ணெய் இருந்தது, அளவுக்கருவி இருந்தது. இதில் ஒன்றும் இல்லை. ஒருவன் மூச்சும் அடுத்தவன் மூச்சும் ஒன்றாக விழுகிற அந்த ஓர் இடம் மட்டும்தான் இருந்தது. எப்பேர்ப்பட்ட ஜனங்கள்! கலந்தருக்குக் கண் நிறைந்துவிட்டது, அதைத் துடைக்கக் கையை எடுக்க முடியாது, தூணிலேயே தேய்த்துக்கொண்டான். வீடு நடந்தது. "ஹோய்" என்று ஒரு குரல், "ஹோ" என்று எல்லாக் குரலும், ஒவ்வொரு ஹோவுக்கும் ஓர் அடி. முதல் தடவை இந்தத் தீவுக்கு வந்தபோது கப்பல் வெளியே நங்கூரம் போட்டது, கரைக்கு ஓடம். அலையில் அந்த ஓடம் இப்படித்தான் ஆடியது. மடியில் கருவிப்பெட்டி, பக்கத்தில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்த சுமியாத்தி, கரையில் இந்த வரிசை வீடுகள். உயரக் கால்களில் நிற்கிற வீடுகளைப் பார்த்து, "எங்கயோ கெளம்பறதுக்கு எந்திரிச்சு நிக்கிற மாதிரி இருக்கு" என்று அவள்தான் சொன்னாள். கடலைக் கடந்து, ஊரைவிட்டு, எத்தனையோ தூரம் வந்துவிட்டோம் என்று கலந்தர் நினைத்துக்கொண்டிருந்தான். பிரயாணம் என்றால் இதுவல்லவா பிரயாணம், வீட்டை விட்டு இறங்காமல் போகிற பிரயாணம்.

தென்னையைத் தாண்டித் திரும்புகிற இடத்தில்தான் வடகிழக்கு மூலை தாழ்ந்தது. முதலில் ஒரு முழம். கலந்தர் தூணோடு சேர்ந்து சாய்ந்தான். "ஏய், ஏய், புடி!" என்று கீழே கூச்சல். ஹோ நின்றுவிட்டது. வீட்டை வழியில் தரையில் வைக்கக் கூடாது. வைத்த இடத்தில் வீடு உட்கார்ந்துகொள்ளும், பிறகு கிளம்பாது என்று சாமே சொல்லியிருந்தார். "இந்த மூலைல என்னத்தக் கட்டி வச்சிருக்கான், எருமையவா?" என்று ஒருவன் கத்தினான். எருமை. மூலை. கலந்தர் இருட்டில் அந்த மூலையைப் பார்த்தான். வைஸ்! சட்டி பானை, கண்ணாடி, கட்டில், கோழிக்கூடு, சுமியாத்தியின் தையல் மிஷின், ஒன்று விடாமல் இறக்கிவிட்டு, எஞ்சின் சாமான்களைக் கவ்விப் பிடிக்கிற அந்த இரும்புப் பிடியை, இரண்டு ஆள் எடை, தரைப் பலகையோடு நாலு போல்ட் போட்டு முறுக்கிய அந்த வைஸை, அப்படியே விட்டுவிட்டான். ஆறு வருஷமாக அங்கேயே இருந்ததால் அது சாமானாகவே கண்ணில் படவில்லை. வீட்டின் ஓர் அங்கமாகிவிட்டது. எழுந்து கழற்றலாமா? தூணை விடக் கூடாது. விடாமல் எப்படி? மூலை இன்னும் இரண்டு விரல் தாழ்ந்தது, பலகை கிறீச்சிட்டது. அறுபது பேரின் முதுகு அவனுடைய மறதிக்குக் கீழே இருக்கிறது. வெட்கத்தை விட்டுக் கத்தினான். "வைஸு! வைஸ எறக்க மறந்துட்டேன்! மன்னிச்சிடுங்க!" வீட்டின் பின்பக்கத்திலிருந்து, தனியாக, கெட்டியாக ஒரு சிரிப்பு எழுந்தது. "மெக்கானிக்கு வீடுன்னா கனக்கத்தான் செய்யும். நகருங்கடா" என்றது ஒரு குரல். கலந்தர் அந்தக் குரலை அதிகம் கேட்டதில்லை. மாதம் ஒருமுறை தென்னை உச்சியிலிருந்து, "கீழ பாத்து" என்று மட்டும் கேட்டிருக்கிறான். கண்ணை இடுக்கில் வைத்தான். கால்கள் விலகின, ஒரு ஜோடிக் கால் பின்னாலிருந்து மூலைக்கு நடந்து வந்தது, அவசரப்படாமல், மரம் ஏறப் போகிற நடையில். இடது கணுக்காலில் தழும்பு. அது மூங்கிலுக்குக் கீழே போய் மண்ணில் ஊன்றியது. விரல்கள் விரிந்தன. தழும்பு வெளுத்தது. மூலை எழுந்தது, ஒரு விரல், நாலு விரல், ஒரு முழம். அவரைப் பார்த்து இன்னும் நாலைந்து பேர் அந்த மூலைக்கு வந்து சேர்ந்தார்கள். ஆரம்பத்திலிருந்தே இருந்திருக்கிறார். பின்பக்கம், கலந்தரின் கண் எட்டாத இடத்தில், எல்லோரையும் போல. அவன் தேடிக்கொண்டும் கெஞ்சிக்கொண்டும் இருந்த நேரமெல்லாம் அவர் தோளில்தான் உட்கார்ந்திருந்தான். "ஹோய்!" என்றது அந்தக் குரல். "ஹோ!" என்று தானும் உள்ளிருந்து கத்தினான் கலந்தர். வீட்டுக்காரன் கத்தலாமா கூடாதா என்று யாரும் சொல்லியிருக்கவில்லை.

மேடு ஏறியதும் காற்று மாறியது. கடலின் உப்பு போய், அடுப்புப் புகையும் தேங்காய்ப்பால் கொதிக்கிற வாசமும் தரை வழியாக மேலே வந்தன. சுமியாத்தி காலையிலேயே ஒரு பானைக் கஞ்சி வைத்துக்கொண்டு பயந்துபோய் மேட்டுக்கு வந்திருந்தாள். இப்போது கேட்கிற பெண்களின் பேச்சைப் பார்த்தால் அங்கே பத்துப் பானையாவது கொதிக்க வேண்டும். அவர்களையும் யாரும் கூப்பிடவில்லை. "இன்னும் கொஞ்சம், எடது, எடது, போதும், மெல்ல" என்றார் சாமே. வீடு தணிந்தது. ஒவ்வொரு தூணும் அதனதன் கல்லைத் தேடித் தேடி உட்கார்ந்தது. கடைசியில் தொப்புள் தூண் அவன் கைக்குள்ளேயே, தூங்கப் போகிறவன் விடுகிற பெருமூச்சு மாதிரி ஒரு சத்தத்தோடு, இறங்கியது. ஜன்னலை வெளியிலிருந்து யாரோ தட்டினார்கள். கலந்தர் கையை எடுத்தான். விரல்கள் விறைத்துத் தூணின் வளைவிலேயே நின்றுவிட்டிருந்தன. ஜன்னலைத் திறந்தான், கீழே பள்ளியின் கூரை, அதற்கும் கீழே பழைய இடத்தில் பன்னிரண்டு வெள்ளைக் கற்கள், பக்கத்தில் ஒற்றைத் தென்னை, பிறகு கடல். இவ்வளவு கடலை அவனுடைய பழைய ஜன்னல் காட்டியதே இல்லை. இந்தோ தாங்கா அதற்குள் அந்தக் கற்களுக்கு நடுவே நின்று, தன் மகள் வீட்டுக்கு வாசல் எந்தப் பக்கம் என்று கை நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தாள். நூறு பேராவது இருப்பார்கள், சீனி வாங்கிய பதினோரு வீட்டுக்காரர்களும் வாங்காதவர்களும், எவர் எவர் என்று பிரித்துச் சொல்ல முடியாமல் நிழலில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்கள். ஏணியை இன்னும் பூட்டவில்லை. சட்டத்தைப் பிடித்துத் தொங்கிக் குதித்தான். குதித்த இடத்துக்குப் பக்கத்தில் மட்டோலா கிண்ணத்தோடு குந்தியிருந்தார். தோளில் மூங்கில் பதிந்த சிவப்புத் தடம், கட்டைவிரல் அகலத்துக்கு.

கலந்தர் அவருக்கு முன்னால் போய் நின்றான். மூன்று நாளாகச் சொல்லிப் பார்த்து வைத்திருந்த வார்த்தைகளெல்லாம் இருந்தன. வாயில் வந்தது இவ்வளவுதான். "டாயெங், அன்னிக்கி ஒங்க வீடு போறப்போ... நான்... எங்க ஊர்ல வந்து கூப்புட்டாத்தான்..."

மட்டோலா கஞ்சியை ஊதினார். "எந்திரிச்சு நின்னு சலாம் வச்ச. தெரியும். தரை இடுக்குல பாத்தேன்" என்றார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. பிறகு கிண்ணத்துக்குப் பின்னால் மீசை மட்டும் கொஞ்சம் அசைந்தது. "வைஸ மொதல்ல கழட்டு. வர்ற மாசம் எந் தங்கச்சி வீடு நகருது. ஒன்னக் கூப்புட மாட்டேன்."

அத்தா வாசலில் நின்றதும், சின்னத்தா அத்தர் பூசி உட்கார்ந்திருந்ததும், ஒன்றரை அடிச் சுவரும், எல்லாம் 'கூப்பிடவில்லை' என்கிற அந்த ஒரே பேச்சின் மேல்தான் இத்தனை வருஷமாக நின்றுகொண்டிருந்தன. கலந்தரின் கண் மறுபடியும் நிறைந்தது. இப்போது கை சும்மாதான் இருந்தது, ஆனாலும் துடைத்துக்கொள்ளவில்லை.

"கூப்புடாதீங்க, டாயெங்" என்றான்.